ஷெபாலியின் கை வேகம்

வங்கதேசத்தின் காஜிப்பூர் சட்டைத் தொழிற்சாலையில் குழல்விளக்குகள் பகலிலும் எரிகின்றன. தையல் வரிசையில், ஷெபாலியின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு அதிகாரி நிற்கிறார். ஒரு காலர் தைக்க அவளுக்கு ஆகும் நேரத்தை வைத்துத்தான் நாளையிலிருந்து வரிசை முழுவதற்கும் இலக்கு. "மெதுவா தைங்கக்கா, என்னால ஓட முடியாது," என்று பக்கத்து மெஷினிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி மொய்னா முணுமுணுக்கிறாள். ஷெபாலி தன் கை வேகத்தை இழுத்துப் பிடிக்கிறாள். தையல் கோணிக்கொண்டு போகிறது. "பயப்படாதம்மா, எப்பவும்போலத் தை," என்கிறார் அதிகாரி, கனிவாகத்தான். அடுத்த காலரில் அவள் கைகள் பழகிய வேகத்தில் ஓடிவிடுகின்றன. ஸ்டாப்வாட்ச் சொடுக்கி நிற்கிறது. "கெட்டிக்காரி," என்கிறார் அவர். சுவர்ப்பலகையில் பழைய இலக்கை யாரோ ஈரத்துணியால் அழிக்கிறார்கள். மெஷின்களின் இரைச்சல் ஒரு கணம் தணிந்து மறுபடி எழுகிறது. மொய்னா குனிந்து ஊசியில் நூல் கோக்கிறாள். ஷெபாலியின் பக்கம் அவள் திரும்பவில்லை.