வாப்பா கேட்ட விலை

“மொதல்ல சொல்லுத வெலைக்குத் தலையாட்டப்பிடாது மக்கா. கேட்டியா?”

குளச்சலில் இருபத்தாறு வருடமாக மீன் வியாபாரம் செய்யும் முகம்மது மீரான், வாசனை சோப்புப் போட்டுக் குளித்து வந்து, லேப்டாப் கேமராவில் படாத மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கு அவர் விலை பேச வந்தது மீனுக்கு அல்ல, மகளுக்கு.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த நிஸ்ரினுக்கு அமெரிக்காவில் பிஎச்.டி. இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்டத்தான் வழியில்லை. முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை கிடைத்து, ஃபீஸ் முழுவதும் தள்ளுபடியானால்தான் விமானம் ஏற முடியும். சொந்தக்காரர்கள் எல்லாம் ‘பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் விடாதே’ என்று குதித்தபோதுகூட மீரான் வாய் திறக்கவில்லை.

“வாப்பா, இது படிப்பு காரியம். ஒங்க யாவாரம் இஞ்ச எடுபடாது.”

“துறைமுகத்துல மட்டும் எடுபடுதாக்கும்!” என்றாள் அடுக்களையிலிருந்து மீரானின் மனைவி பல்கீஸ் பீவி. “நேத்து நல்லொரு நெய்மீனுக்கு வெலைய ஏத்தி ஏத்தி, வாங்க வந்தவனெல்லாம் ஓடிப்போனான். கடைசில அது நம்ம சட்டியில கெடந்து!”

“ஏட்டி, நீ சும்மா கெட.”

அதற்குள் அந்த வேலைக்கு நேர்காணல் செய்யும் அமெரிக்கப் பேராசிரியர் திரையில் வந்துவிட்டார். உராய்வு என்றால் என்ன, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல் என்றார். மணலில் வள்ளத்தை இழுக்கிற கதையை வைத்தே நிஸ்ரின் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டினாள். மனிதர் அசந்துபோய், வேலை உண்டு, பாதி ஃபீஸ் தள்ளுபடி என்றார்.

நிஸ்ரினுக்கு முகம் செத்துவிட்டது. பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

“முழுசும் கேளு,” என்று மூலையிலிருந்து கிசுகிசுத்தார் மீரான்.

கேட்டாள். பேராசிரியர் கொஞ்சம் யோசித்து, வாரம் இருபது மணி நேரம் பாடம் எடுத்தால் முழுவதும் தள்ளுபடி, மாதச் சம்பளமும் உண்டு என்றார். நிஸ்ரின் நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

“பொறு. லீவு மாசத்துக்கும் சம்பளம் கேளு.”

“போதும் வாப்பா!” என்று பல்லைக் கடித்தாள்.

“கேளுன்னு சொல்லுதேன்!”

அதுவும் கிடைத்தது. ஆஸ்பத்திரிச் செலவு கேட்கச் சொன்னார், கிடைத்தது. அந்தப் பேராசிரியர் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ! ஃபேனுக்குக் கீழேயே மீரானுக்கு வியர்த்துக் கொட்டியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார்.

“வருசா வருசம் ஊருக்கு வந்து போவ பிளேன் டிக்கெட் கேளு.”

நிஸ்ரினுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்ததும் கைவிட்டுப் போகப்போகிறது! ஆனாலும் வாப்பா முறைத்த முறைப்பில் கேட்டுத் தொலைத்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “இத்தனை வருடத்தில் இவ்வளவு தைரியமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் மாணவர்களைச் சமாளிக்க உன்னைப் போல் ஆள்தான் வேண்டும். டிக்கெட்டை என் ஆராய்ச்சி நிதியில் பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் வந்துவிடு.”

திரை அணைந்ததும் நிஸ்ரின் போட்ட கூச்சலில் பல்கீஸ் பீவி கரண்டியோடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கணவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அட! நீங்க யாவாரிதான். நான் சொன்னதெல்லாம் வாபஸ்!”

மீரான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. துண்டு கண்ணிலேயே இருந்தது. நிஸ்ரின் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“என்ன வாப்பா, சந்தோசத்துல அழுதீயளா?”

“கூட்டிக் கூட்டிக் கேட்டா, அவரு வேண்டாம்னு போயிருவாருன்னுல்லா நெனச்சேன் மக்கா!”