விட்டுப்போன ஒரு நொடி

"மிஸ், உங்க கணக்குல ரெண்டு வண்டியும் மோதிருச்சு."

பவதாரிணி எழுந்து இப்படிச் சொன்னதும் பதினொன்றாம் வகுப்பே சிரித்தது.

தமிழ்வாணி டீச்சருக்கும் சிரிப்புதான் வந்தது. பத்து வருடமாக எழுதிப்போடுகிற கணக்கு. கண்மாய்க்கரையில், முப்பத்து மூன்று மீட்டர் இடைவெளியில், ஒரு ஸ்கூட்டரும் ஒரு குட்டியானை லோடு வண்டியும் எதிரெதிரே வருகின்றன. ஸ்கூட்டர் நொடிக்குப் பத்து மீட்டர், குட்டியானை பதினைந்து. பார்த்ததும் பிரேக். ஸ்கூட்டர் பத்து மீட்டர் ஓடி நிற்கும், குட்டியானை இருபத்திரண்டரை. நடுவில் மிச்சம் அரை மீட்டர்.

இதுவரை ஒரு பிள்ளைகூட மோதவிட்டதில்லை.

"பாத்ததும் எப்படி மிஸ் பிரேக் பிடிக்கும்? பாத்து, பதறி, பிரேக்கைத் தொடவே ஒரு செகண்ட் ஆயிரும்னு எங்கப்பா சொல்வாரு."

அவளுடைய அப்பா திருமங்கலம் பஸ் ஓட்டுகிறவர். பஸ் டிரைவர் மகள் வேறு எப்படிக் கணக்குப் போடுவாள்?

தமிழ்வாணி சாக்பீஸை எடுத்து அந்த ஒரு நொடியையும் சேர்த்தாள். பத்தும் பதினைந்தும் இருபத்தைந்து. பிரேக்கைத் தொடும் முன்பே இருபத்தைந்து மீட்டர் காலி. மீதி எட்டு மீட்டரில் இரண்டு வண்டியும் நிற்கவே நிற்காது.

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

ஏனென்றால் அந்த ஸ்கூட்டரில் வந்தவள் அவள்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மடையைத் தாண்டும்போது வளைவில் குட்டியானை முளைத்தது. நின்றதும் டிரைவர் இறங்கி வந்தான். வண்டை வண்டையாகத் திட்டப்போகிறான் என்று அவள் காத்திருக்க, அவன் குனிந்து இரண்டு வண்டிக்கும் நடுவே கையால் அளந்தான். இரண்டு சாண். நிமிர்ந்து சிரித்தான்.

மறுநாளே டேப்போடு போய் மடைக்கும் வளைவுக்கும் உள்ள தூரத்தை அளந்து வந்தாள். இயற்பியல் டீச்சர் அல்லவா? குட்டியானையின் வேகம் மட்டும் டிரைவர் காசிமாயன் சொன்னது. ஆறு மாதம் கழித்து அவனையே கட்டிக்கொண்டாள்.

ஒன்று, இந்தப் பெண் போட்டது தப்பு. இல்லையென்றால், தன் வாழ்க்கையிலேயே அழகான காலை என்று அவள் நம்பிக்கொண்டிருக்கும் அந்தக் காலையில் ஏதோ தப்பு. எத்தனை முறை பார்த்தாலும் பெண்ணின் கணக்கு சரியாகவே இருந்தது.

வராந்தாவுக்குப் போய் போன் போட்டாள். காளவாசலில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான் காசிமாயன்.

"ஏங்க, அன்னைக்குக் கண்மாய்க்கரையில நெசமாவே அம்புட்டு வேகத்துலயா வந்தீங்க?"

லாரி ஹாரன்களை விட்டுத் தள்ளி வந்து அவன் சொன்னான்.

"எட்டே முக்காலுக்கு நீ வருவேன்னு தெரியும் டீச்சரு. பத்து நாளா அந்த வளைவுல வண்டியை உருட்டிக்கிட்டுதான் வந்தேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினாள். பவதாரிணியின் நோட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

பிறகு பலகையில் குட்டியானையின் பதினைந்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.