பாலுக்குப் பக்கத்தில் நத்தை முட்டை

"யாரைக் கேட்டு இதை ஜன்னல்ல வச்சே?" "ஃப்ரிட்ஜுல பாலுக்குப் பக்கத்துல நத்தை முட்டையை வச்சுட்டு ஊருக்குப் போனது நீ. எங்கிட்ட எகிறாதேக்கா." அக்கா இடுக்கியோடு தட்டின் மேல் குனிகிறாள். படிப்பது ஆராய்ச்சி, பார்ப்பது என்னவோ நத்தைக்குப் பிரசவம். ஜன்னலோரச் சூட்டில் தட்டு கதகதவென்றிருக்கிறது. சின்ன நத்தை இட்ட கடுகு முட்டைகள் ஒரு பக்கம். பெரியது இட்ட மிளகு முட்டைகள் ஒரு பக்கம். எந்தத் தாய் முட்டைக்குள் எவ்வளவு சத்து வைத்தாள் என்று நசுக்கிப் பார்த்தால்தான் இவளுக்குப் பட்டம். பொரிந்துவிட்டால் நசுக்க ஒன்றுமில்லை. ஒரு மிளகு விரிகிறது. கண்ணாடி போல ஒரு குஞ்சு வந்து, தன் முட்டை ஓட்டைத் தின்று முடித்து, பக்கத்து முட்டை மேல் சாய்கிறது. "அக்கா, அது தம்பியைத் திங்குதுடி." "தெரியும். முந்தினது அப்படித்தான் திங்கும்." அக்கா விலக்கப் பார்க்கிறாள், இடுக்கியில் முட்டை வழுக்குகிறது. இன்னொரு மிளகில் கீறல். அக்கா தங்கை இரண்டு தலைகளும் தட்டின் மேல் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தங்கை அந்த வருஷமே கல்யாணமாகிப் போய்விட்டாள். அக்கா மறுபடி நத்தை வளர்த்தாள். புது முட்டைத் தட்டு பாலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜன்னலில் எடுத்து வைக்கத்தான் ஆளில்லை.