வாசல் தொட்டி மீன்கள்

ஏழு மீன்களும் வயிற்றை மேலே காட்டி மிதந்துகொண்டிருந்தன.

நகராட்சித் தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் ஒன்றும் அடிக்கவில்லை. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்துக்கு வந்துவிட்டு மூக்கைப் பொத்தாமல் போனால் நன்றாக இருக்காதே, அதற்காக.

"இதுதான் நீங்க சுத்தம் பண்ற லட்சணமா?"

ஆபரேட்டர் அம்மா ஓடிவந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஊர்க் கழிவுநீரெல்லாம் இங்கேதான் வந்து சேரும். காற்றை ஊதி, கசடைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, தெளிந்த பிறகுதான் ஆற்றில் விடுவார்கள். அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே கொஞ்சம் பிடித்து, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வாசலில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார்கள். மூன்று வருஷமாக இந்த ஏழும் அதில்தான் கொழுகொழுவென்று திரிந்தன. நேற்றுச் சாயங்காலம்கூட அவள் கையால் தீனி தின்றவை.

"ஐயா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு..."

"நான் வர்ற நாளாப் பார்த்துச் செத்துப்போச்சாக்கும்! அப்ப ஆத்துல இருக்கற மீனெல்லாம் என்ன பாவம்மா பண்ணுச்சு?"

தலைவருக்கு மீன்கள் மேல் பாசம் பொங்கியது. பக்கத்தில் நிருபர் எழுதிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர்! இந்தம்மாவ இன்னிக்கே வேலைய விட்டு அனுப்புங்க."

மேனேஜர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், பதினோரு வருஷமா நான் வேலை செய்யறதப் பாக்கறீங்க. நீங்களாவது சொல்லுங்க சார்."

ஷூவில் அப்படி என்ன கண்டாரோ, மனுஷர் நிமிரவே இல்லை.

அவள் தொட்டியில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள்.

"ஐயா, இதுல குளோரின் மருந்து நெடி அடிக்குது. நாங்க மருந்தே போடறதில்லீங்க. புற ஊதா விளக்கு வெளிச்சத்துலதான் கிருமியக் கொல்றோம். மருந்துத் தண்ணி பட்டா மீனுக்குச் செவுள் வெந்துடும்."

"பின்ன, சாக்கடையில பன்னீர் வாசமா அடிக்கும்?"

கூட வந்தவர்கள் கடமைக்குச் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரிங்கய்யா. இந்தத் தண்ணிய இப்பவே பாட்டில்ல பிடிச்சு லேபுக்கு அனுப்புங்க. என் வேலையில தப்புன்னு வந்தா, நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

மேனேஜர் இப்போதுதான் நிமிர்ந்தார். "லேபெல்லாம் எதுக்கும்மா, பேசித் தீர்த்துக்கலாமே..."

"எதுக்கா? கண்டிப்பா அனுப்பறோம்!" தலைவர் நிருபர் பக்கம் திரும்பினார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நீங்க எழுதிக்குங்க. இது தண்ணியே இல்ல, விஷம்! இதை ஜனங்களுக்கு விடறவன் மனுஷனே இல்ல! கொட்டை எழுத்துல, என் பேரைப் போட்டே எழுதுங்க!"

மேனேஜர் ஓடிப்போய் நிருபரின் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அதை மட்டும் எழுத வேண்டாங்க! பெரியவங்க நீங்க வர்ற நேரத்துல சாக்கடைத் தண்ணியக் காட்டறது மரியாதையா இருக்காதுன்னு, காலையில நான்தான் அதைக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வச்சேன். நீங்க ஊருக்குக் குடிக்க விடறீங்களே, அந்தக் குழாய்த் தண்ணிங்க இது!"