மூடாத பெட்டி

பழைய பேஸ் கிட்டார் தன் பெட்டிக்குள்ளேயே அடங்க மறுத்தது. மூடி இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது.

"ஐம்பது வருஷத்துப் பெட்டி. இதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது. இன்னிக்கு என்ன வந்துச்சு இதுக்கு?" என்று கணவன் முழங்காலால் மூடியை அழுத்தினான்.

"உடைச்சிடாதீங்க. பெட்டி எதுக்கு, தோள்ல மாட்டிட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"பெட்டியோட குடுத்தாத்தான் வாங்கிப்பாராம்."

"வாங்கிப்பாரா? யாரு?"

"விக்கப் போறேன். பொழுதன்னிக்கும் இதை மடியில வெச்சுக் கொஞ்சறேன், இது எனக்குச் சக்களத்தின்னு நீதானே சொல்லுவே. இனிமே சண்டை வேணாம்."

அவள் முகம் வெளுத்தது. "நாளைக்கு வித்துக்கலாமே."

"நாளைக்கு என்ன?"

அவன் பேஸை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியின் அடியில் விரித்திருந்த போர்வையை விலக்கினான். அவளுடைய துணிகள், படிப்புச் சான்றிதழ்கள், நாளைக் காலை ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட்.

"பேஸ் என்னிக்கும் இந்த வீட்டை விட்டுப் போகாதுன்னு நம்பித்தான் இதுல வெச்சேன்," என்றாள்.

அவன் போர்வையை முன்போலவே விரித்து, மூடியைச் சாத்தினான்.

பெட்டி கச்சிதமாக மூடிக்கொண்டது.