பெட்டிக்கு ஒரு பேர்

"சார், பேரு மட்டும் சொல்லுங்க. அஞ்சே நிமிஷத்துல நெட்டு வந்துரும்" என்றான் சக்திவேல், மூன்றாவது முறையாக.

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்தவன். முந்தைய நாள் அடித்த இடியில் செம்பாக்கத்தில் பாதித் தெருவுக்கு வைஃபை பெட்டி புகைந்துபோயிருந்தது. ராஜாராமன் வீட்டில் புதுப் பெட்டியைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

ராஜாராமன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அவசரப்படாதேப்பா. எழுத்தையெல்லாம் கூட்டினா அஞ்சு வரணும். இப்ப ஏழு வருது."

"ஏன்னா, வைஃபைக்குமா நியூமராலஜி பார்ப்பா?" அவர் மனைவி அபிதா, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு ஹாலுக்கும் மகளின் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "பதினோரு மணிக்கு ஸஹானாவுக்கு இன்டர்வியூ. ஜெர்மனிக்காரன் நமக்காகக் காத்துண்டு இருப்பானா?"

"அதுக்குத்தான் சொல்றேன். நல்ல காரியம், நல்ல பேரோட ஆரம்பிக்கட்டும்."

போன் நெட்டையே லேப்டாப்புக்குக் கொடுத்துப் பேசிக்கொள்கிறேன் என்றுதான் ஸஹானா காலையில் சொன்னாள். அது நடுவில் அறுந்து மானத்தை வாங்கிவிடும், ஆளை வரச் சொல்லியிருக்கிறேன் என்று தடுத்தவர் அவர்தான். அவளும் மறுபேச்சுப் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சக்திவேல் தன் போனை நீட்டினான். "பாருங்க சார், அக்கம்பக்கத்துல எல்லாம் எப்படிப் பேரு வச்சிகினு கீறாங்கன்னு. ஒருத்தர் 'மாடி வீடு'. ஒருத்தர் 'திருடாதே'. இது இன்னா சார், 'ஸாரி அப்பா'ன்னு ஒண்ணு? சிக்னல் வேற ஃபுல்லா அடிக்குது!"

"பக்கத்து வீட்டுப் பையனா இருக்கும். அப்பனை என்ன பாடு படுத்தினானோ." ராஜாராமன் சிரித்தார். "நம்ம வீட்டுல அந்தக் கவலை இல்லை."

ஒருவழியாகக் குலதெய்வத்தின் பேரில் ஐந்து வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அபிதா மகளைக் கூப்பிட ஓடினாள்.

"இரு, இரு!" என்றார் ராஜாராமன். "தம்பி, என் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்கே, இது என்ன?"

"அது அட்ரஸ் சார். போனோ, லேப்டாப்போ, எது வந்து சேர்ந்தாலும் பெட்டியே ஒரு நம்பர் குடுத்துடும். நாம ஒண்ணும் பண்ண வேணாம்."

"கடைசியில எட்டுன்னு இருக்கே! எட்டு ஆகவே ஆகாது. நாளைக்கு இதையே குழந்தையோட லேப்டாப்புக்குக் கொடுத்தா?"

"யாருக்கு எதுன்னு அதுவா முடிவு பண்றது சார்."

"அதுவா எப்படி முடிவு பண்ணலாம்? வீட்டுக்குப் பெரியவன் நான் ஒருத்தன் இருக்கேன். மாத்து!"

சக்திவேல் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். மாற்றினான். பெட்டி அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அபிதா மகளின் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து "இரும்மா" என்று ஒரே ஒரு சொல் வந்தது. குழந்தை அழுதுகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

படப்பை கஸ்டமரிடமிருந்து போன் வர, "வந்துகினே கீறேன் சார்" என்று கத்திக்கொண்டே சக்திவேல் பால்கனிக்குப் போனான்.

அபிதா கணவரின் எதிரில் வந்து நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நம்ம கல்யாணத்தையே ராகு காலத்துல வெச்சுக்கலாம்னு கேலி பண்ணின மனுஷன் நீங்க. இந்த வீட்டைப் பதிவு பண்ணினதே எட்டாம் தேதியில. இப்ப எங்கேருந்து வந்தது இந்த பயம்?"

ராஜாராமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ போயிடுவா அபிதா. ஒரே பொண்ணு. இந்த ஒண்ணு தப்பிப் போச்சுன்னா இங்கேயே இருந்துடுவா. சிறுசேரியில இல்லாத கம்பெனியா?"

"கண்ணு எரிய எரிய ஜெர்மன் படிச்சாளே, அதைப் பார்த்துமா இப்படிப் பண்ண மனசு வந்தது?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சட்டென்று எழுந்தார்.

"தம்பி! ஸஹானான்னே பேர் வெச்சுடு. எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம். நம்பரும் எதுவா வேணா இருக்கட்டும். சீக்கிரம்!"

சக்திவேல் ஓடிவந்து பேரை மாற்றினான். பச்சை விளக்கு எரிந்தது. ராஜாராமன் கதவைத் தட்டப் போனார். அதற்குள் அதுவே திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் பழைய பைஜாமாவுமாக ஸஹானா நின்றாள்.

"நெட் வந்துடுத்தும்மா. என்னாலதான் இத்தனை லேட்டு. அவாகிட்ட கெஞ்சி இன்னொரு நேரம் கேட்டுப் பாரேன்..."

"இன்டர்வியூ முடிஞ்சுடுத்துப்பா" என்றாள் அவள் மெதுவாக. "என்னை எடுத்துண்டுட்டா."

"நெட்டே இல்லாம எப்படிம்மா?"

அவள் கண் நிறைந்திருந்தது. ஒரு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த போனில் எதையோ அணைத்தாள்.

ஹாலில் பையைத் தோளில் மாட்டிய சக்திவேல், கடைசியாக ஒரு தடவை தன் போனைப் பார்த்தான்.

"சார், உங்க பொண்ணு பேரு ஜம்முன்னு வந்துருச்சு. ஆனா இன்னா ஆச்சுன்னே தெரியல, அந்த 'ஸாரி அப்பா'வைத்தான் திடீர்னு காணோம்!"