பத்தாவது போல்ட்

பழைய கார் ஒன்றின் கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் தேய்ந்துபோயிற்று. அதை மாற்றுவதற்காகக் கருவிகள் எல்லாம் கூடி, கியர்பாக்ஸை எஞ்சினிலிருந்து பிரிக்க முயன்றன. ஒன்பது போல்ட்டுகளைக் கழற்றிய பின்னரும் அது இம்மியும் அசையவில்லை.

“சரியான பிடிவாதம்! என்னிடம் விடுங்கள்” என்று கூறிய கடப்பாரை, இடுக்கில் நுழைந்து நெம்பத் தொடங்கியது.

“ஐயா, மெல்ல! என் உறை விரிசல் விட்டால் மாற்று உறை எங்கும் கிடைக்காது. இந்தக் காரே காயலான் கடைக்குப் போய்விடும்” என்று கியர்பாக்ஸ் கதறியது.

“வர மனமில்லாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்” என்றது கடப்பாரை.

அப்போது உச்சியில், எண்ணெய்ப் பிசுக்குக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் எழுந்தது.

“அண்ணே, சற்று நிறுத்துங்கள். என்னை இன்னும் எவரும் கழற்றவில்லை.”

கடப்பாரை நின்றது. “நீ யார்?”

“பத்தாவது போல்ட். பொருத்திய அன்று ‘இறுகப் பிடித்துக்கொள்’ என்றார்கள். நாற்பது ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ‘விடு’ என்று ஒருவரும் சொல்லவில்லையே!”

ஸ்பேனர் ஏறிவந்து அதனைப் பக்குவமாகச் சுழற்றிக் கழற்றியது. கியர்பாக்ஸ் ஒரு கீறலுமின்றி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

“பார்த்தீர்களா? நான் தளர்த்தி வைத்ததனால்தான் வந்தது!” என்றது கடப்பாரை.

கியர்பாக்ஸ் அந்தச் சிறிய போல்ட்டைப் பார்த்து, “தம்பி, இத்தனை ஆண்டுகள் பிடித்திருந்ததற்கும் நன்றி, இன்று வாய் திறந்ததற்கும் நன்றி” என்றது.

பிறகு கடப்பாரையின் பக்கம் திரும்பி, மனமாரச் சொன்னது:

“ஐயா, உங்களுக்கும் நன்றி. நிறுத்தினீர்களே!”